வெள்ளையன் வந்திருந்த கூட்டங்கள்

கிராம நிர்வாக அலுவலர் என் மகளைவிட வயதில் சின்னவர். எங்கள் இளைஞர் மன்றத்துக் கூடத்தின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டை மடியில் வைத்து, விரலில் எச்சில் தொடாமல் பக்கம் புரட்டினார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்திருக்கிறேன். எச்சில் தொடாமல் பக்கம் புரட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உள்ளே அடுப்பில் சாமைச் சோறு வெந்துகொண்டிருந்தது. அந்தக் கூடம் கூட்டம் நடத்துவதற்காகக் கட்டியது. போன மழையில் வீட்டுச் சுவர் விழுந்ததிலிருந்து குப்பம்மாள் அதில்தான் குடியிருக்கிறார். கேரம் பலகைமேல் அவருடைய பாத்திரங்கள் கவிழ்ந்திருந்தன. "ஆபீஸ்காரங்க வர்றாங்களாம், நீங்க பக்கத்துல இருங்க செகரட்ரி" என்று அவர் போனில் கூப்பிட்டதால், கண்ணமங்கலத்தில் விடியற்காலையில் கிளம்பி, போளூரில் மலை பஸ்ஸைப் பிடித்து நானும் வந்து சேர்ந்திருந்தேன்.

அலுவலர் ஒரு பக்கத்தில் விரலை நிறுத்தினார்.

"அக்கா, வெள்ளையன்றது உங்க வூட்டுக்காரர்தானே?"

"ஆமாம்மா."

"ஆந்திராவுக்கு வேலைக்குப் போயி பன்னெண்டு வருஷம் ஆச்சு, ஒரு தகவலும் இல்லன்னு மனுவுல எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அஞ்சு வருஷம் முன்னாடி வரைக்கும் வாரா வாரம் இங்க கூட்டத்துக்கு வந்திருக்காரே?"

குப்பம்மாள் கையில் கரண்டியோடு குனிந்து பதிவேட்டைப் பார்த்தார். தன் பெயரை எழுதத் தெரியுமே தவிர அவருக்குப் படிக்க வராது. ஆனால் அலுவலரின் விரல் எந்த வரியில் நிற்கிறது என்பது புரிந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்தார். அலுவலரும் என்னைப் பார்த்தார்.

"சார், மூணு மாசத்துக்கு ஒரு தடவ 'சரிபார்க்கப்பட்டது'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கறது நீங்கதானே?"

நான்தான். பச்சை மையில், தேதியோடு. பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவிக்கு நான் கடைசிவரை வரவில்லை. மலைமேல் யார் கேட்கப்போகிறார்கள் என்று போட்டிருந்தேன்.

வேண்டியது ஒரு காகிதம்

ஜவ்வாது மலையில் கடுக்காமரத்தூருக்குப் பெரிய வரலாறு ஒன்றும் கிடையாது. சாமை விளையும், புளி காய்க்கும், ஒரு நாளைக்கு இரண்டு முறை பஸ் வரும். அங்கே குப்பம்மாளுக்கு வேண்டியிருந்தது ஒரு காகிதம்.

வீட்டுமனைப் பட்டா வெள்ளையன் பெயரில் இருக்கிறது. அரசாங்க வீட்டுத் திட்டப் பட்டியலில் இருப்பதும் அவர் பெயர்தான். அவர் வந்து கையெழுத்துப் போட்டால் சுவர் எழும்பும். இறந்துவிட்டார் என்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம் என்று வரிசையாகப் போய் அப்போதும் சுவர் எழும்பும். இரண்டிலும் சேராதவருக்குப் படிவம் இல்லை. தேடிப் பார்த்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மேஸ்திரியோடு ஆந்திரப் பக்கம் செம்மரம் வெட்டப் போனார். கூடப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. போலீசில் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் திரும்பி வந்தவர்களின் பெயர்களையும் எழுத வேண்டியிருக்கும். ஊர் வாயை மூடிக்கொண்டது.

ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட வேண்டியவர்கள் ஏழு வருடம் எதுவுமே கேள்விப்படவில்லை என்றால் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் அதை வைத்து வழக்குப் போட்டிருந்தார். கோர்ட் விசாரணை அறிக்கை கேட்டது. விசாரிக்க வந்தவர் கண்ணில், அந்த ஊரிலேயே வெள்ளையன் பெயர் வாராவாரம் எழுதப்பட்டிருந்த ஒரே காகிதம் பட்டது. எங்கள் பதிவேடு.

அதன்படி அவர் காணாமல் போய் ஐந்து வருடம்தான் ஆகிறது. சட்டத்தின் கணக்கில் இன்னும் இரண்டு வருடம் அவர் உயிரோடு இருந்தாக வேண்டும். குப்பம்மாளும் அதுவரை கேரம் பலகைமேல் பாத்திரம் கவிழ்க்க வேண்டும்.

ஊரில் யாரைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்களே என்று நீங்கள் நினைக்கலாம். சொல்வார்கள். ஆனால் எங்கள் அலுவலகங்களில் வாய்க்கும் காகிதத்துக்கும் தகராறு வந்தால் காகிதம்தான் ஜெயிக்கும். எத்தனையோ பேருக்கு நானே அதைச் செய்து காட்டியிருக்கிறேன்.

தச்சர் மன்றம்

இந்தத் தொடரில் சென்ற வாரம் முத்திரைத்தாள் பற்றி எழுதியதற்கு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றும் பிழைதிருத்தம். அந்த வாசகர்கள் இந்த வாரமும் பென்சிலோடு உட்காரலாம்.

என் அப்பா படவேட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். மலைமேல் மிஷன் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்ததால் நாங்கள் மேலே குடியேறினோம். நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் பிலவேந்திரன் சாமியார் அங்கே பாதிரியாராக வந்தார். தெற்கத்திக்காரர். ஆஸ்துமா உண்டு. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். கடைசித் திருப்பத்தில் மூச்சு வாங்குவது அவரா வண்டியா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது.

அப்போது ஊரில் கிறிஸ்தவர்கள் என்றால் அவரும் அவருடைய சமையல்காரரும்தான். சமையல்காரர் பாதி. ஆடி மாதம் அவர் மலையிறங்கி அம்மனுக்குக் கூழ் ஊற்றப் போய்விடுவார்.

இளைஞர் மன்றம் ஒன்று ஆரம்பிக்க வேண்டும், அதற்கு இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் பெயரை வைக்க வேண்டும் என்று சாமியார் ஆசைப்பட்டார். ஊர்த் தலைவர் யோசித்தார்.

"சாமி பேரு வேணாங்க. நாளிக்கி எங்க சாமி கோச்சிக்கும். அவுரு இன்னா வேல செஞ்சிக்கினு இருந்தாரு?"

"தச்சு வேலை."

"அப்ப அதையே வெச்சிட்டுப் போங்க."

இப்படித்தான் தச்சர் மன்றம் பிறந்தது. பிற்பாடு எங்கோ ஒரு தச்சுத் தொழிலாளர் சங்கம் எங்களைக் கிளையாகச் சேர்த்துக்கொள்ளத் தயார் என்று கடிதம் எழுதியது. உளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரிந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை என்று நான் பதில் எழுதினேன். நகல் கோப்பில் இருக்கிறது.

கூடத்துச் சுவரில் சூசையப்பர் கையில் ரம்பத்தோடு ஒரு படம் மாட்டினார்கள். அடுத்த ஞாயிறே பையன்கள் அவர் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்கள். சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ரம்பத்த மட்டும் மறைச்சிராதீக" என்றார்.

பார், சீர்தூக்கு, செய்

மன்றத்துக்கென்று ஒரு முறை இருந்தது. சாமியார் எங்கோ வெளியூர்ப் பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்தது. வாரம் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வது. முதலில் பார். பிறகு சீர்தூக்கு. கடைசியில் செய். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேச வேண்டும். பேசாமல் யாரும் எழுந்து போக முடியாது.

நடைமுறையில் பார்ப்பதற்கு ஒரு ஞாயிறு ஆகும். சீர்தூக்க ஏழு ஞாயிறு ஆகும். செய்வதற்கு நாள் குறிக்கும்போது சாமை அறுவடை வந்துவிடும்.

ஆனாலும் ஒன்றிரண்டு காரியங்கள் நடந்தன. நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும் பாதையைச் சீராக்கினோம். பஸ் கேட்டு மனு எழுதினோம். பஸ் வந்தது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் அதற்குள் இலவச முதியோர் பாஸ் வாங்கும் வயதை நெருங்கியிருந்தார்கள். பெயர் மட்டும் இளைஞர் மன்றம் என்றே இருந்தது. பெயரை மாற்றத் தனித் தீர்மானம், தனிப் படிவம், யார் அலைவது?

துணை

இதையெல்லாம்விட மன்றத்தின் உயிர் வேறொரு பழக்கத்தில் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மீதி விளங்காது.

ஒவ்வொரு உறுப்பினருக்கும் இன்னொரு உறுப்பினர் துணை. ஞாயிறு காலையில் துணையின் வீட்டுக்கு நடந்து போய், வாசலில் நின்று "வர்றியா?" என்று கேட்க வேண்டும். கூட்டம் மூன்று மணிக்குத்தான். ஆனால் காலையிலேயே போயாக வேண்டும். துணை வரவில்லை என்றால், பெயர் கூப்பிடும்போது இவர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும்.

"வராதவன் வீட்டு வாசலுக்குப் போகாம இங்க உக்காந்து செபம் சொல்லி என்னய்யா ஆகப்போகுது?" என்பார் சாமியார்.

முதல் பதிவேட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. காய்ச்சல். மாடு காணோம். மாமியார் வந்திருக்கிறார். மாமியார் இன்னும் போகவில்லை. பெண் பார்க்கப் போனான். பெண் வேண்டாம் என்றுவிட்டது, வெளியே வர வெட்கம். அந்த ஊரின் உண்மையான சரித்திரம் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

ஒன்பதாம் விதி

எனக்குப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் வேலையாக மன்றத்தை முறைப்படி பதிவு செய்யலாம் என்று கிளம்பினேன். அந்த வயதில் எனக்குச் சட்டத்தின்மேல் காதல் இருந்தது. மற்றவர்களுக்கு வேறு விஷயங்களில் இருந்தது.

துணைவிதிகளை நானே எழுதினேன். அதில் ஒரு சிக்கல். கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் வந்திருக்க வேண்டும். அதற்குக் கோரம் என்று பெயர். அறுவடைக் காலத்தில் மூன்று பேர்கூடத் தேறமாட்டார்கள். மூன்று நாள் யோசித்து ஒன்பதாம் விதியைக் கண்டுபிடித்தேன்.

'உறுப்பினர் ஒருவர் வர இயலாதபோது அவருடைய துணை அவர் சார்பில் பதில் கூறினால், அவர் வந்திருந்ததாகவே கொள்ளப்படும்.'

கோரம் பிரச்சினை தீர்ந்தது. வந்தவர் கையெழுத்துப் போடுவார். வராதவர் கட்டத்தில் துணை 'வ' என்று எழுதி, கீழே தன் பெயரின் முதலெழுத்தைப் போடுவார். வந்ததாகக் கொண்ட பிறகு காரணம் எதற்கு? புதுப் பதிவேடு அச்சடித்தபோது அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். தணிக்கையில் யாரும் கேட்காத கட்டம்.

சாமியார் விதிகளை முழுதும் படித்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு. இனிமே யாருமே வராமகூட கூட்டம் நடத்திரலாம்" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடம் அவருக்கு மாற்றல் வந்தது. பிறகு அவர் மலையேறவில்லை.

பெயர் கூப்பிட்டபோது

வெள்ளையன் இரண்டாம் தலைமுறை உறுப்பினர். வாலிபாலில் அவர் போடும் சர்வீஸ் வலையைத் தாண்டுமோ இல்லையோ, பக்கத்துப் புளியந்தோப்பைத் தாண்டிவிடும். பந்தைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்து அவரே முதலில் சிரிப்பார். கூட்டத்தில் தன் முறை வரும்போது, "இவங்க சொன்னதத்தான் நானும் சொல்றேன்" என்பார், பேசுவதற்கு முதல் ஆளாக இருந்தாலும்.

அவருடைய துணை சடையன். ஒரே வயது, அடுத்தடுத்த நிலம். அந்த மேஸ்திரியோடு சடையனும் போவதாகத்தான் இருந்தது. கிளம்புகிற அன்று காய்ச்சல் வந்து நின்றுவிட்டார்.

ஆரம்பத்தில் மன்றத்தின் செகரட்ரியாக இருந்த நான், பிறகு ஆலோசகர் என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலே போவேன். வெள்ளையன் போய்ச் சில மாதம் ஆகியிருந்தபோது ஒரு கூட்டத்தில் இருந்தேன். பெயர் கூப்பிட்டார்கள்.

"வெள்ளையன்."

சடையன் எழுந்து நின்றார். "துணை சொல்றேன்."

அவ்வளவுதான். குனிந்து 'வ' என்று எழுதினார். கீழே 'ச' என்று போட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று வெள்ளையனைச் சேர்த்தால்தான் கோரம் வந்தது. பச்சைப் பேனாவை எடுத்துச் சரிபார்க்கப்பட்டது என்று எழுதி, மூடிவைத்து, டீ குடித்தேன்.

அடுத்த மூன்று மாதமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். கொரோனா வந்து கூட்டங்கள் நிற்கும்வரை வெள்ளையன் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. என் மன்றத்தில் அவரைப்போல் ஒழுங்காக வருகை தந்த உறுப்பினர் வேறு யாரும் இல்லை.

சடையன் மாட்டேன் என்றார்

அலுவலர் போன பிறகு நான் வக்கீலிடம் போனேன். துணைவிதிகளின் நகலைக் காட்டி, 'வ' என்றால் வரவில்லை என்றுதான் பொருள் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், வந்திருந்ததாகவே கொள்ளப்படும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வரலன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

இல்லை. அந்தக் கட்டத்தைத்தான் எடுத்துவிட்டேனே.

வக்கீல் இரண்டு கேட்டார். ஒன்று, பதிவேட்டில் உள்ள 'வ' நேரில் வந்ததைக் குறிக்காது என்று மன்றம் முறையாகக் கூடி ஒரு தீர்மானம். இரண்டு, அந்த எழுத்துகளைப் போட்ட சடையன், வெள்ளையனைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து, கோர்ட்டிலும் வந்து சொல்ல வேண்டும்.

சடையன் புளி உலுக்கிக்கொண்டிருந்தார். மரத்திலிருந்து இறங்காமலேயே பேசினார்.

"இன்னா சார், அவன் செத்துட்டான்னு நான் எழுதிக் குடுக்கணுமா?"

"செத்துட்டாருன்னு இல்ல. தகவல் இல்லன்னு."

"உங்க கோர்ட்ல ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றுதான். பதில் தெரிந்த கேள்விக்கு வாயை மூடிக்கொண்டு நிற்க முப்பத்தைந்து வருடத்தில் பழகியிருந்தேன்.

"அவனுக்குப் பதிலா நான் போய்ருக்கணும் சார். காய்ச்சல்னு படுத்துக்கினேன். இப்ப கையெழுத்தும் போடணுமா? வேற ஆளப் பாருங்க."

மேலே கிளை ஆடியது. புளியம்பழங்கள் என்னைச் சுற்றி விழுந்தன. என்மேல் ஒன்றுகூட விழவில்லை. அவ்வளவு கவனமாகத்தான் கோபப்பட்டார்.

குப்பம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டே சொன்னார்.

"அந்தண்ணன் எப்டி எழுதும் சார்? போன ஞாயித்துக்கெழமகூட வந்து கேட்டுக்கினு போச்சே."

"என்னன்னு?"

"தகவல் வந்துதான்னு. மன்றம் நின்னா இன்னா, அது நிக்கல. மழையா இருந்தாலும் வந்துடும். வூடு வுழுந்ததுக்கு அப்பால இங்க வந்து கேக்குது. நான் இல்லண்ணான்னு சொல்லணும். அது தலையக் கவுத்துக்கினு போவும். அப்பால அன்னிக்கி முச்சூடும் எனக்குச் சோறு எறங்காது."

முறத்தைத் தட்டிக் கல்லைத் தள்ளினார்.

"மத்த ஆறு நாளும் மறந்துக்கினு வேலயப் பாக்கறேன் சார். அந்த ஒரு நாளுதான். சொவரே அவுருக்காகக் காத்துக்கினு நிக்கல. நான் மட்டும் எத்தினி ஞாயித்துக்கெழம இல்ல இல்லன்னு சொல்றது?"

இந்தத் தொடரில் நான் பல தவறுகளை ஒப்புக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் மேலதிகாரிகளின் தவறுகள். இது என் கையெழுத்தில் இருந்தது.

காலைக் கூட்டம்

சிறப்புக் கூட்டத்துக்கு அறிவிப்பு எழுதினேன். ஏழு நாள் முன்னறிவிப்பு, பொருள், இடம், நேரம். நேரம்: ஞாயிறு காலை பத்து மணி. இத்தனை வருடமும் மூன்று மணிக்கு நடந்த கூட்டம் ஏன் காலையில் என்று ஒருவர் கேட்டார். பகல் பஸ்ஸில் நான் இறங்க வேண்டும் என்றேன். அது உண்மை. முழு உண்மை இல்லை.

பட்டியலில் இருபத்தொரு பேர். ஏழு பேர் வேண்டும். என்னோடு ஆறு பேர் வந்தோம். பாய் விரித்திருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று இரண்டு இளைஞர்கள் நாற்காலி கேட்டார்கள். குப்பம்மாள் கேரம் பலகையிலிருந்த பாத்திரங்களை ஓர் ஓரமாக ஒதுக்கிவிட்டு, வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"ஒர்த்தர்தானே கொறயுது. யாருக்காவது தொண சொல்லிட்டா ஏழாயிடும். உங்க விதிதானே செகரட்ரி?" என்றார் ஒருவர்.

"இன்னைக்கு அது வேணாம்" என்றேன்.

பத்தேகாலுக்குச் சடையன் வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலுக்கு வரும்போது அப்படித்தான் வருவார் என்று குப்பம்மாள் பிறகு சொன்னார். உள்ளே எங்களைப் பார்த்ததும் அவர் கால் நின்றது. ஆனால் வந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்புகிற ஆள் இல்லை.

"இன்னா குப்பு, தகவல் எதனா வந்துதா?"

"இல்லண்ணா."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு திரும்பினார்.

"நில்லுண்ணா" என்றார் குப்பம்மாள். "பன்னெண்டு வருஷமா நீ கேட்டுக்கினு கீற. நானும் சொல்லிக்கினு கீறேன். நான் சொன்னத ஒரு வாட்டியாச்சும் உள்ள போயி சொன்னியா நீ?"

சடையன் படியில் நின்றுவிட்டார். பதிலுக்காக அவர் தேடியது என்னைத்தான்.

"விதி அப்டித்தானே சார் இருந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுவரில் சூசையப்பர்கூடப் பார்ப்பதுபோல் இருந்தது. அவர் நெற்றியில் யாரோ அன்று காலைதான் குங்குமம் வைத்திருந்தார்கள்.

"ஆமா. நான் எழுதினது" என்றேன். "தப்பா எழுதிட்டேன். உள்ள வாங்க சடையன், பேரு கூப்புடணும்."

அவர் வந்தார். அவர் இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. பாயில் நெருக்கடியாக உட்கார்ந்திருந்தும் யாரும் அதில் நகர்ந்து உட்காரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அகர வரிசையில் பெயர்களைக் கூப்பிட்டேன். சிலர் இருந்தார்கள். சிலர் ஊரில் இல்லை. சிலர் உலகத்தில் இல்லை. வெள்ளையன் பெயர் எப்போதும் கடைசி.

"வெள்ளையன்."

சடையன் எழுந்தார். முழங்காலில் கை ஊன்றி மெதுவாக எழுந்தார். வெளியே கோழி ஒன்று கொக்கரித்துவிட்டு அடங்கியது.

"வரல" என்றார். பிறகு, வாசலைப் பார்த்து, "போயி கேட்டேன். தகவல் இல்லன்னு சொல்லிச்சு."

எழுதுவதற்கு இடம் தேடினேன். நான் அச்சடித்த பதிவேட்டில் அதற்கு இடம் இல்லை. கோட்டுக்கு வெளியே, ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதினேன். நீல மையில். சடையன் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினார்.

தீர்மானம் எழுத இருபது நிமிடம் ஆனது. ஏழு கையெழுத்து. பிரமாணப் பத்திரத்துக்கு நாளை கீழே வருகிறேன் என்று சடையனே சொன்னார். எல்லோரும் கிளம்பும்போது அவர் மட்டும் பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"அப்ப வர்ற ஞாயித்துக்கெழம நான் யார் வூட்டுக்குப் போறது சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. துணை இல்லாமல்போன உறுப்பினருக்கு அதே கூட்டத்தில் வேறு துணை குறிக்க வேண்டும் என்று பதினோராம் விதி சொல்கிறது. அதையும் நான்தான் எழுதினேன். அது ஒன்றாவது சரியாக இருந்தது.

நான் பட்டியலைப் புரட்டுவதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"எம்பேர எழுதுங்க சார். பொம்பளைங்க சேரக்கூடாதுன்னு எதனா எழுதி வெச்சிக்கிறீங்களா?"

எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்காக முதல்முறையாக மகிழ்ந்தேன்.

கோரம்

தீர்ப்பு வர ஏழெட்டு மாதம் ஆனது. சடையன் சாட்சிக் கூண்டில் ஏறி, ஒவ்வொரு ஞாயிறும் தான் கேட்டதையும் குப்பம்மாள் சொன்னதையும் சொன்னார். எத்தனை முறை என்று கேட்டார்கள். "எத்தினி ஞாயித்துக்கெழம வந்துதோ அத்தினி" என்றார். மரம் வெட்டப் போன கதைக்குள் யாரும் போகவில்லை. ஊர் மூச்சுவிட்டது.

இறப்புச் சான்றிதழில் இறந்த தேதியாக வழக்குத் தாக்கலான தேதியைப் போட்டிருந்தார்கள். வேறு தேதி யாரிடமும் இல்லை. குப்பம்மாள் அந்தக் காகிதத்தை வாங்கி, தேதி எங்கே இருக்கிறது என்று கேட்டு அதன்மேல் விரலை வைத்தார்.

"இது இன்னா கெழம சார்?"

"புதன்."

"ஞாயித்துக்கெழம இல்லியே?"

"இல்ல."

மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அழவில்லை. பஸ்ஸில் மலையேறும்போது ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

போன ஞாயிறு மேலே போயிருந்தேன். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. அதுவரை கூடம்தான் வீடு. கேரம் பலகைமேல் பாத்திரங்கள் அப்படியே இருந்தன. நான் பாயில் உட்கார்ந்து, அடிக்கோலும் பென்சிலும் வைத்துப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். காரணம் என்று ஒரு கட்டம். இந்த வயதில் கோடு நேராக வருவதில்லை.

சடையன் சலவைச் சட்டையில் வாசலுக்கு வந்தார். என்னை அவர் பார்க்கவில்லை.

"இன்னா குப்பு, கூட்டத்துக்கு வர்றியா?"

"சட்டி கழுவிட்டு வர்றேன். நீ போண்ணா."

மூன்று மணிக்குக் குப்பம்மாள் அடுப்போரத்திலிருந்து பாய்க்கு வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, தன் பெயருக்கு எதிரே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவரையும் சேர்த்து நான்கு பேர்.

கோரம் இல்லை. கூட்டத்தைத் தொடங்கினேன்.